எடுத்தவர்: நீலமேகம்

பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் எதிரே கட்டியிருந்த பேனரைப் பார்த்து நீலமேகத்துக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது அவர் எடுத்த படம்.

காலை வெயில் பக்கவாட்டில் விழ, கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தார் ஒரு மீனவர். மூன்று வாரத்துக்கு முன் லைட்ஹவுஸ் குப்பத்தில் எடுத்து வலைப்பூவில் போட்டது. கேட்காமல் கொள்ளாமல் எடுத்து அச்சடித்துவிட்டார்களே, ஓரத்தில் ஒரு பெயராவது போட்டிருக்கக் கூடாதா என்று கொஞ்சம் கோபமும் வந்தது. அப்புறம்தான் மேலே இருந்த எழுத்தைப் படித்தார்.

'கண்ணீர் அஞ்சலி.'

போன மாதம் இதே இடத்தில் ஒரு கிழவியின் பேனர் இருந்தது. அதற்கு முன்னால் மீசை வைத்த ஒரு பெரியவர். இரண்டும் அவர் எடுத்த படங்கள்தாம் என்பது இப்போதுதான் உறைத்தது. ஆக மூன்று.

"இன்னா சார், அப்டியே நின்னுட்டீங்க?" என்றார் டீக்கடை கோபால்.

"கோபாலு, நான் படம் எடுத்தவங்கள்ல மூணு பேரு போய்ட்டாங்கப்பா."

கோபால் டீயை ஆற்றினார். "வயசானவங்க சார். போவ வேண்டிய நேரம், போனாங்க. இந்தாங்க, சக்கர கம்மி."

நீலமேகம் திருப்பாலைவனத்துக்காரர். அங்கே ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். சர்க்கரை ஏறிவிட்டது, தினம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஆலைக்கும் வீட்டுக்கும் நடந்து பார்த்தார். அலுத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்து ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார். மகள் விட்டுப்போன பழைய கேமரா கழுத்தில் தொங்கியது. டச்சுக்காரர் கல்லறைகள், இடிந்த மதில், தெருக்களின் பழைய பெயர்கள் என்று பார்த்ததையெல்லாம் 'ஏரிக்கரை நடை' என்ற வலைப்பூவில் எழுதினார். பதினான்கு பேர் படித்தார்கள். கல்லறைகளை விட்டு மனிதர்களை எடுத்துப் போட ஆரம்பித்த பிறகு, குப்பத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் படித்தார்கள். அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் இந்த மூன்று பேனர்கள்.

சாவைத் தடுக்கத் தன்னால் முடியாது, திருட்டையாவது தடுக்கலாம் என்று நினைத்தார். அன்று மாலையே எல்லாப் படங்களின் கீழும் 'எடுத்தவர்: நீலமேகம்' என்று வெள்ளை எழுத்தில் பதித்தார். அழித்தால் படமே கெட்டுப்போகும்படி பெரிதாகவே பதித்தார்.

பத்து நாள் கழித்து நாலாவது பேனர் வந்தது. இறால் பிடிக்கிற முத்தையா. தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி. படத்துக்குக் கீழே மறைவு என்று போட்டு ஒரு தேதி. தேதிக்குக் கீழே, எந்த மாற்றமும் இல்லாமல், எடுத்தவர்: நீலமேகம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் அதை நின்று படித்தார்கள். ஒருவர் அடுத்தவரிடம் கேட்டார்.

"இன்னாத்தப்பா எடுத்தாரு?"

"உசுர எடுத்தாரு போல."

நீலமேகம் கேமராவைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு நடந்தார். பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்ததும் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே யாரையோ எழுப்புகிற சத்தம் கேட்டது. இன்னொரு வாசலில் ஒரு கிழவருக்கு அவசர அவசரமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கிழவர் அவரையே வெறித்துப் பார்த்தார்.

நண்டு விற்கிற முனியம்மா குறுக்கே வந்தாள்.

"சார், அடுத்த ஞாயித்துக்கெழம எந்தப் பக்கம் வருவீங்க?"

"எதுக்கும்மா?"

"சும்மா தான் சார். தெரிஞ்சா நல்லாருக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. தான் வருகிற பக்கம் தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறார்கள். ஐம்பத்து நாலு வயதில், நாலு பேருக்கு உதவியாக இல்லாவிட்டாலும் உபத்திரவமாக இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"இனிமே மனுஷங்கள எடுக்க மாட்டேம்மா. லைட்ஹவுஸ மட்டும்தான் எடுக்கப்போறேன்" என்றார்.

முனியம்மாவின் முகம் வாடிவிட்டது. அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

சொன்னபடி அடுத்த ஞாயிறு கலங்கரை விளக்கத்தை மட்டும் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கேமராவில் கண்ணை வைப்பார், ஆகையால் சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கோபுரம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு மணலில் ஓர் ஈ காக்கை இல்லை. காற்றுகூட நின்றுபோயிருந்தது. இடம் மாறி இடம் மாறி மூன்று படம் எடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்.

வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் படத்தின் மூலையில், தூரத்தில், கவிழ்த்துப்போட்ட படகின் மேல் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது படம் வேறு திசையிலிருந்து எடுத்தது. அதிலும் அவள் இருந்தாள், இன்னும் கிட்டத்தில். மூன்றாவதில் கோபுரத்தின் அடியிலேயே, தலை படிய வாரி, பூ வைத்து, கையை மடியில் கோத்துக்கொண்டு நேராக அவரையே பார்த்தாள்.

"லோகா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இந்தம்மா அங்க இல்லவே இல்ல. சத்தியமா இல்ல."

லோகநாயகி மூன்று படங்களையும் பார்த்தாள். நேராகப் போய் சாமி விளக்கை ஏற்றினாள்.

அவர் படங்களை வலைப்பூவில் போடவில்லை. ஆனால் கோபாலிடம் புலம்ப வேண்டியிருந்தது. புலம்பியபோது கோபால் படத்தைப் பார்க்க வேண்டுமென்றார். நீலமேகம் அவர் போனுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் அந்தக் கிழவி பேனரில் இருந்தாள். பின்னால் கலங்கரை விளக்கம் கம்பீரமாக நின்றது.

"நீ யாருக்குப்பா அனுப்புன?"

"யாருக்கோ அனுப்புனேன் சார். பசங்க கேட்டாங்க" என்றார் கோபால். "படம் சூப்பரா வந்துருக்குல்ல?"

அன்றிலிருந்து லோகநாயகி தன்னை அவர் நேருக்கு நேர் பார்ப்பதையே விரும்பவில்லை. கேமராவை மேசையிலிருந்து எடுத்துத் துணி சுற்றி, நெல் டப்பாவுக்குள் வைத்தாள். ரேஷன் கார்டுக்குப் புதுப் படம் வேண்டுமென்று கேட்டிருந்ததைத் தானாகவே வாபஸ் வாங்கினாள்.

"பழைய கார்டுலயே இருக்கட்டுங்க. இன்னா இப்ப, மொகம் மாறினா சக்கர தர மாட்டானா?"

"நீயும் நம்புறியா லோகா?"

"நான் நம்பல. ஆனா என்னை எடுக்காதீங்க."

ஒரே ஒரு வழிதான் மீதி என்று நீலமேகத்துக்குத் தோன்றியது. குப்பத்தின் பக்கமே போகக்கூடாது. ஏரியின் மறுபக்கம், ஆள் நடமாட்டமே இல்லாத திட்டு ஒன்று உண்டு. அங்கே பூநாரைகள் வரும். அவற்றை எடுத்தால் யாருக்கு என்ன கெடுதல்? நெல் டப்பாவிலிருந்து கேமராவை எடுத்தார். போகிற வழியில் கோபால் கடையில் டீ குடித்தபோது, எங்கே போகிறார் என்பதை அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னார்.

"நல்லது சார். மெதுவா போங்க. அவசரப்படாதீங்க" என்றார் கோபால். உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த மகள் மாலதியைத் திரும்பிப் பார்த்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

நீலமேகம் ஒன்றரை மணி நேரம் நடந்தார். தண்ணீரும் வானமும் ஒரே வெளுப்பில் கலந்து கிடந்தன. கரைச் சேற்றில் அவர் கால் வைக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. உடைமரங்களைத் தாண்டித் திட்டுக்கு ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெறும் மணல். நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர். முகமெல்லாம் பவுடர். சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்த்தாலும் ஒரு மனிதரும் இல்லை. பெரியவரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீலமேகத்தைப் பார்த்ததும் தலையைச் சிரமப்பட்டு நிமிர்த்தி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார்.

"வந்துட்டியா நைனா" என்றார்.

நீலமேகம் ஓடினார். நடப்பதற்கே மூச்சு வாங்குகிற மனிதர், உடைமுள் குத்துவதுகூடத் தெரியாமல் ஓடினார். பின்னால் புதருக்குள்ளிருந்து "சார், சார்" என்று யாரோ பெண் குரலில் கூப்பிட்டது கேட்டது. அவர் திரும்பவேயில்லை. கடைக்கு வந்து பெஞ்சில் விழுந்தபோது கால் செருப்பு ஒன்று இல்லை.

"உட்டுருவேன் கோபாலு. நடக்கறத, எழுதறத, எல்லாத்தையும் உட்டுருவேன். எனக்காக ஒருத்தரு அந்தப் பொட்டல் வெளியில காத்துகினு இருக்காருப்பா. பவுடர் போட்டுகினு."

"எடுத்தீங்களா?"

"எடுக்கறதாவது, ஓடியாந்தேன்."

"அடடா" என்றார் கோபால், நிஜமான வருத்தத்தோடு. அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். நீலமேகம் குடித்து முடிக்கும்வரை கோபால் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு பண்ணலாம். என்னை எடுங்க."

"உனக்குப் பைத்தியமா?"

"அம்பத்தெட்டு வயசு. கல்லு மாதிரி இருக்கேன். என்னை எடுத்துப் போடுங்க. நான் கடையில நின்னு டீ ஆத்தறத ஊரே பாக்கட்டும். அப்பறம் எவன் பேசுவான்?"

நீலமேகம் முடியவே முடியாதென்றார். கோபால் விடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் இறங்கியபோது, கோபால் சவரம் செய்து, கட்டம் போட்ட புதுச் சட்டை போட்டு, கடைக்கு வெளியே கிழக்குப் பார்த்து ஸ்டூல் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி கடை போர்டு வேணாம் சார். தோள் வரைக்கும் போதும்."

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றினார். விரல் மூன்று தடவை பின்வாங்கியது. நாலாவது தடவை அழுத்தினார். கோபால் சிரித்த சிரிப்பு நீலமேகத்துக்கே கொஞ்சம் தைரியம் கொடுத்தது. 'வதந்திக்கு ஒரு பதில்' என்று தலைப்பு போட்டு அன்றே வெளியிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் கோபாலுக்குப் போன்.

"இன்னா கோபாலு, டீ சூடா இருக்கா?"

"உசுரோட தான் சார் இருக்கேன். போய் வேலையப் பாருங்க."

மதியம் ஒரு போன். சாயங்காலம் ஒரு போன். ஆலையில் மூட்டை எண்ணும்போது மனசு கோபாலையே எண்ணிக்கொண்டிருந்தது. ஒருநாள் மட்டும் மாலதி எடுத்து, "நைனா மெட்ராஸ் போயிருக்காரு" என்றாள். சாயங்காலம் கோபாலின் குரலைக் கேட்கிறவரை நீலமேகம் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம். மூன்றாவது வாரமும் கோபால் டீ ஆற்றினார். லோகநாயகி வாய் திறந்து, "பரவால்லயே" என்றாள். ரேஷன் கார்டுப் படத்தைப் பற்றிக்கூட யோசிக்கலாம் என்கிற அளவுக்கு இறங்கிவந்தாள். நீலமேகம் ராத்திரி சாப்பாட்டில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நாலாவது ஞாயிறு பழவேற்காட்டில் இறங்கும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். பேனர் கட்டுகிற இடம் காலியாக இருந்தது. கடையில் மாலதி தனியாக நின்றிருந்தாள். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்கம்மா நம்ம ஆளு?"

"படுத்துனு இருக்காரு சார். தூங்கறாரு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சார், நீங்க எடுத்தீங்களே நைனா படம், அது பெரிய சைஸ்ல அனுப்ப முடியுமா? பேர் போடாம."

"அதுக்கென்ன, தாராளமா. கடையில மாட்டப்போறீங்களா?" நீலமேகம் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்த ஊரு பேசின பேச்சுக்கு உங்கப்பா ஒருத்தரு தாம்மா பதில் சொன்னாரு. என் படம் யாரையும் ஒண்ணும் பண்ணாதுன்னு நிரூபிச்சிட்டாரு."

"படம் இன்னா சார் பண்ணும்?" என்றாள் மாலதி. "பேனர் படத்துக்குன்னு ஸ்டுடியோக்காரர கூட்டினு வந்தா பெருசுங்களுக்குப் புரிஞ்சிடும் சார், டாக்டர் நாள் சொல்லிட்டாருன்னு. அழுவாங்க. மொகமே சரியா வராது. நீங்கன்னா சும்மா நடந்து போறவரு. அவங்க பாட்டுக்கு சிரிப்பாங்க."

நீலமேகம் சாய்ந்த முதுகை நிமிர்த்தினார். அந்த வெறும் மணலும், பவுடர் போட்ட முகமும், புதருக்குள்ளிருந்து கூப்பிட்ட குரலும் அவர் மனதில் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன.

பால் பொங்கி வந்தது. மாலதி அடுப்பை அணைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"மத்தவங்கள எல்லாம் வூட்டு ஆளுங்க தூக்கினு வந்து ஒக்கார வெச்சாங்க சார். எங்க நைனா ஒருத்தரு தான் தெரிஞ்சே தானா வந்து ஒக்காந்தாரு."