ஆரஞ்சு அட்டைப் புத்தகம் எங்கள் பிரிவைக் காலி செய்த விதம்

டொலீடோ, ஒஹையோ
பிப்ரவரி 11

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்கா பெர்னடெட்டுக்கு,

தம்பி நார்பர்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் ஏதோ இருக்கிறோம். அங்கே டுலூத்தில் நீயும் விர்கில் அத்தானும் வாசல் பனியை வாரிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் கச்சிதம். தலை மட்டும் நுழையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வெந்நீர் ஹீட்டர் கம்பெனியின் புகார் பிரிவில் எனக்கு இது இருபத்தாறாவது வருஷம் என்பது உனக்குத் தெரியும். எனக்குக் கீழே ஆறு பேர், ஆளுக்கு ஒரு போன். சந்தோஷமாக இருக்கிறாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை, அதனால் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். செப்டம்பரில் கெண்ட்ரா என்று ஒரு புது டைரக்டர் வந்தார். வந்த மூன்றாம் நாளே ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். ஆரஞ்சு அட்டை. அலுவலகத்தில் நல்ல பழக்கவழக்கங்களை வளர்ப்பது, மனசுக்கு நிறைவான வேலை வாழ்க்கையை அமைத்துக்கொள்வது, மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம். வாரம் ஒன்று படித்துவிட்டுப் புதன்கிழமை காலையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேச வேண்டுமாம். நடத்தி வைக்க வேண்டியவன் நான்.

முதல் அத்தியாயம், தினமும் மூன்று பேருக்கு நன்றி சொல். சரி என்று ஒடெஸ்ஸாவிடம் போனேன். அறுபத்தோரு வயசு, எங்கள் பிரிவின் தூண். நிலவறையில் கணுக்கால் தண்ணீரில் நின்று கத்துகிறவனையும் இரண்டு நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவாள். "நன்றி ஒடெஸ்ஸா" என்றேன். "எதுக்கு?" என்றாள். எதற்கு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருந்திருக்கிறது, நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். "பொதுவா" என்றேன். அவள் மூஞ்சி வெளுத்துவிட்டது. "நார்ப், நேரா சொல்லுங்க. என்னை வேலையவிட்டுத் தூக்கப்போறாங்களா?" மத்தியானத்துக்குள் ஆள் குறைப்பு என்று மூன்று மாடிக்கும் சேதி போய், எங்கள் ஆறு பேரில் ஒருவனான டெல்பர்ட் தன் மேஜையைக் காலி செய்து காரில் ஏற்றிவிட்டான். அதைத் திரும்ப இறக்க நானும் கூடப் போக வேண்டியதாயிற்று.

நாலாவது அத்தியாயம், ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. நான்தான் புத்திகெட்டுப்போய், "என்னைப் பத்தியே சொல்லுங்களேன், நான் கோவிச்சுக்க மாட்டேன்"ன்னுட்டேன். டெல்பர்ட் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. "ஒம்பது வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்"னான். நான் சூப் உறிஞ்சும் சத்தத்தில் ஆரம்பிச்சு, அவங்க அம்மா இறந்த வாரம் நான் அவன்கிட்ட ஒரு வார்த்தைகூட விசாரிக்கலைங்கறதுல போய் முடிஞ்சுது. அக்கா, அது நிஜம். அவன் அழுதா நான் என்ன சொல்றதுன்னு பயந்து, லிஃப்ட்டில் அவன் கண்ணில் படாம இருக்க ஒரு வாரம் மாடிப்படி வழியா போய் வந்தவன் நான். வட்டமா உக்காந்தா மறைய இடமே இல்ல.

அதோட விட்டிருக்கலாம். ஏழாவது அத்தியாயம் வந்துது. பயமே இல்லேன்னா என்ன வேலை பாப்பேன்னு ஒரு தாளில் எழுதணும். டெல்பர்ட் ஏரியில் இழுவைப் படகு ஓட்டணும்னு எழுதினான். எழுதி, படிச்சு, தேம்பித் தேம்பி அழுதான், எல்லாரும் கை தட்டினாங்க. இந்தத் தடவை நான் ஓடாம பக்கத்துலயே நின்னேன். மூணு வாரத்துல ஆறுல அஞ்சு பேர் ராஜினாமா. அஞ்சு பேரும் என்னைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னாங்க, அஞ்சு கேக் வெட்டினோம். "நார்ப், நீங்க மட்டும் இல்லேன்னா நான் இங்கயே கிடந்து மக்கியிருப்பேன்"னான் டெல்பர்ட். என் தாளைக் கேக்கறியா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா சமையலறை மேஜையில் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்பத்தாறு வயசு, ஒரு வரி வரலை. ஆசைப்படக்கூட ஒண்ணு இல்லாத ஆளா நான்?

கெண்ட்ரா கூப்பிட்டார். "என்ன பண்ணி வெச்சீங்க நார்பர்ட்?"

"ஏழாவது அத்தியாயம்."

"அத எழுதத்தானே சொன்னேன், செய்யச் சொன்னேனா?"

"செய்யணும்னுதான் போட்டிருக்கு, பக்கம் நூத்தி எம்பது. நீங்க படிக்கலியா?"

அவர் மேஜையில் இருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "அட்டை நல்லா இருந்துச்சு"ன்னார்.

அப்புறம் ஜனவரிக் குளிர். வடக்கு ஒஹையோவில் இருந்த ஹீட்டர் எல்லாம் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி நின்னுபோச்சு. பதிலுக்கு ஆள் எடுக்க மேலே அனுமதி இல்லை. ஆக ஒடெஸ்ஸாவும் நானும், ரெண்டே போன், நூத்தி நாப்பது பேர் வரிசையில். ஃபின்ட்லே ஊர்லேருந்து ஒரு பொண்ணு, கைக்குழந்தையோட, "தண்ணி பனிக்கட்டியா வருது, எதத் தொடணும்னே தெரியல சார்"னு அழுதா. மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும். முதல்ல கேஸ் வாடை ஏதாவது வருதான்னு கேட்டேன், இல்லைன்னா. நாப்பது நிமிஷம் அவளோட நிலவறையில் நானே நிக்கற மாதிரி ஒவ்வொரு திருகாணியா சொல்லிக்கொடுத்தேன். ஹீட்டருக்குள்ள நீலச் சுடர் பிடிச்சப்போ அவ கத்தினா, நானும் கத்திட்டேன். ஒடெஸ்ஸா திரும்பிப் பாத்து, "என்ன நார்ப், லாட்டரியா?"ன்னா. அடுத்த போன்காரர் எடுத்த எடுப்புல எங்க அம்மாவை இழுத்துத் திட்டினார், அது வேற.

போதும் அக்கா. குரலே போய்விட்டது. ராஜினாமாக் கடிதம் தட்டெழுதி வைத்துவிட்டேன், நாளைக் காலை கெண்ட்ரா கையில் கொடுக்கிறேன். உன் கராஜுக்கு மேலே இருக்கும் அறையை ஒழித்து வை. அத்தானின் தூண்டில் கடையில் புழு எண்ணிப் போடுகிறேன். புழு வேலை செய்யவில்லை என்று யாரும் போன் போட மாட்டார்கள். உன் மகன் டெரன்ஸ் மே மாசம் படிப்பை முடிக்கிறானே, அவனுக்கு எவனாவது இந்த மாதிரிப் புத்தகம் பரிசளித்தால் அடுப்பில் போட்டுவிடு.

அத்தானுக்கு என் மரியாதை, உங்கள் நாய்க்கு என் அன்பு. எந்தப் புத்தகமும் படிக்காமல் தச்சு வேலையைப் பார்த்த புனித சூசையப்பர் உங்கள் எல்லாரையும் காப்பாராக.

இப்படிக்கு,
வேலை வெறுத்த தம்பி,
நார்பர்ட்

பி.கு.: தபாலில் போடுமுன் இதைச் சேர்க்கிறேன். காலையில் கடிதத்தோடு கெண்ட்ராவின் அறைக்குப் போனேன். அவர் ஒரு பூந்தொட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். இந்த வாரம்தான் புத்தகத்தை முழுக்கப் படித்தாராம், வெர்மான்ட்டில் ஆடு வளர்க்கப் போகிறாராம். "இத நான் வாங்கிக்க முடியாது நார்பர்ட், நான் இப்ப இங்க வேலைல இல்ல. அடுத்த ஆள் வர்ற வரைக்கும் பொறுப்பு உங்களோடதுதான். அவங்ககிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆக, என் ராஜினாமாவை நானே வாங்கி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சொல்லியிருக்கும் காரணங்கள் எனக்குத் திருப்தியாக இல்லை. வெளியே போன் அடித்துக்கொண்டிருந்தது, ஒடெஸ்ஸா பல் டாக்டரிடம் போயிருந்தாள். ராஜினாமாவை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனை எடுக்க ஓடினேன். அறையை ஒழிக்க வேண்டாம்.