மூன்று அங்குல ஓட்டை

ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான் கணக்கு வாத்தியாருக்குச் சிக்கல்.

அவரும் மச்சினனும் மூன்று வருடமாக ஒரு ஷெட்டில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு சீட் விமானத்தின் மீட்டர் பலகை, சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. அலுமினியத் தகடு. வேகம், திசை காட்டும் மீட்டர்களுக்கான ஓட்டைகளோடு, உயரம் காட்டும் மீட்டருக்காகவும் அதில் இரண்டு அங்குல ஓட்டை போட்டிருந்தார்கள். இப்போது ஆர்டர் கொடுத்திருக்கும் புது மீட்டருக்கோ மூன்று அங்குலம் வேண்டும்.

இதுவரை தகடு வளைத்தது, ஆணி அடித்தது எல்லாம் மச்சினன். வாத்தியார் டார்ச் பிடித்தார். வெளியூர் போயிருக்கும் மச்சினன் திரும்புவதற்குள் இந்த ஒரு வேலையையாவது தானே முடித்து, அவனை வாயடைக்க வைப்பது என்று முடிவெடுத்திருந்தார்.

"வட்ட ரம்பத்தை டிரில்லுல மாட்டி அறுத்தா முடிஞ்சுது. ஏன் தகட்டை முறைச்சுக்கிட்டே நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ரம்பத்துக்கு நடுவுல ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். அது எதையாவது குத்திப் பிடிச்சாத்தான் ரம்பம் நேரா சுத்தும். இங்க நடுவுல வெறும் காத்து."

"அப்ப காத்தை அடைங்க."

நல்ல யோசனை என்பதால் வாத்தியார் உடனே அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். பழைய ஓட்டைக்குள் கச்சிதமாக உட்கார ஒரு மரவட்டு, அதைத் தாங்க அடியில் ஒரு பலகை. ரம்பம் விலகாமல் பிடித்துக்கொள்ளும் இந்த அமைப்புக்குத்தான் ஜிக் என்று பெயர். ஊசி வட்டைக் குத்தும், ரம்பம் தகட்டை அறுக்கும்.

மரத்துக்கு அலையவில்லை. சமையலறையிலேயே இருந்தது.

"காய் நறுக்கற பலகைல எப்படிங்க இவ்வளவு பெரிய ஓட்டை?"

"ஓட்டைய விடு. வெளிய வந்த வட்டைப் பாரு. என்ன உருண்டை."

ரம்பம் தொட்டதும் ஜிக் துள்ளியது. தகடு மேஜையிலிருந்து வழுக்கிப் போய் பிரிட்ஜ் கதவில் முட்டி நீளமாக ஒரு கோடு இழுத்தது.

வட்டு ஆடுகிறது என்று கண்டுபிடித்த வாத்தியார், அதை அடிப்பலகையோடு பசை போட்டு ஒட்டினார். தாராளமாகவே போட்டார். பசை வழிந்து கீழே இறங்கியதில், மதியத்துக்குள் ஜிக் மேஜையோடு ஒன்றாகிவிட்டது.

"சாப்பாட்டுத் தட்டை எங்க வைக்கறது?"

"வேகம் காட்டற இடத்துல வையேன்."

மனைவி வைத்தாள். தண்ணீர் டம்ளர் திசைகாட்டி ஓட்டையில் ஆடாமல் நின்றது. இருவரும் வலது இறக்கைப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிடும்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. மேஜையோடு ஒட்டிய ஜிக் எப்படி ஆடும்? கையைக் கழுவிவிட்டு வந்து தகட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரில்லை அழுத்தினார். கிறீச்சென்று சத்தம். பளபளவென்று ஒரு அலுமினிய வளையல் கழன்று விழுந்தது.

மனைவி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "ஊசி இந்தப் பக்கம் வந்திருக்கு."

வாத்தியார் காதில் அது விழவில்லை. புது ஓட்டையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் விரல் தடுக்கவில்லை. மனைவியும் எழுந்து வந்து தடவிப் பார்த்தாள். பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததை அப்படியே விழுங்கினாள்.

"நிஜமாவே நல்லா வந்திருக்குங்க. அவன் செஞ்சிருந்தாக்கூட இப்படி வராது."

மூன்று வருடத்தில் அவர் கைபட்டுச் சரியாக வந்த முதல் வேலை அது.

அழைப்புமணி அடித்தது. உதிரிபாகக் கடைக்காரர் பெட்டியோடு நின்றார். வாத்தியார் அவரை உள்ளே இழுக்காத குறையாகக் கூட்டி வந்து, மனைவியைத் தகட்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, ஓட்டையைக் காட்டி, பெட்டியைப் பிரித்து, புது மீட்டரை அதில் வைத்தார்.

மீட்டர் நிற்கவில்லை. ஓட்டை வழியாக வழுக்கி அந்தப் பக்கம் இருந்த மனைவியின் கையில் விழுந்தது.

"இது ரெண்டு அங்குலம்ல?" என்றார் வாத்தியார்.

"ஆமா சார். போன வாரமே உங்க மச்சினர் போன் பண்ணி ஆர்டரை மாத்திட்டாரு," என்றார் கடைக்காரர். "மாமாவுக்குத் தெரிய வேணாம், பலகைய வெட்டற வேலையே இல்லாம பழைய ஓட்டையிலயே உக்காரட்டும், பாத்து அசந்து போவாருன்னாரு."