இடப்பக்கத்துப் போல்ட்

நான் பொய் சொல்லிக் கலியாணம் செய்தவன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்பார்கள். எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது. அந்த ஒன்றையும் நான் வாயால் சொல்லவில்லை. தரகர் சொன்னார், நான் பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினேன்.

"மாப்பிள்ளை வவுனியாவிலை கார் வேலை. எஞ்சின் துவங்கி டிஃபரன்சல் மட்டும் எல்லாம் அத்துப்படி."

உண்மையில் நான் வவுனியாவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றின் கவுண்டரில் நின்றவன். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தச் சாமான் காருக்குள் எங்கே போய்க் குந்துகிறது என்பதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஸ்பானர்களைக் கட்டுக்கட்டாக விற்ற கையால் ஒரு நட்டைக்கூடக் கழற்றியது கிடையாது.

பெண் வீடு அக்கராயன். பெண்ணின் பெயர் சுகந்தி. கிளிநொச்சியில் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளராக வேலை செய்தாள். அவளுடைய அப்பா, எனக்கு மாமா, குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். வயலோடு ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி காரும் வைத்திருந்தார். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. டிஃபரன்சலுக்கு விட எண்ணெய் இல்லாதபோது மாமா அதற்கு ஆமணக்கெண்ணெய் பருக்கியிருக்கிறார். (அந்த நாளில் வன்னியில் பேதி மருந்து குடித்து ஓடிய வாகனங்கள் பல.) அதனாலோ என்னவோ, கார் ஓடும்போது பின்பக்கத்தில் இருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். பின் சில்லுகள் இரண்டுக்கும் நடுவில் இரும்புப் பானை மாதிரி ஒன்று இருக்கிறதே, அந்த டிஃபரன்சலின் முனகல்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. எங்களுக்குக் கலியாணமாகி ஒன்றரை மாதம். ஒருநாள் மாமாவுக்குப் புத்தளத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜமால்தீன் நாநா. முல்லைத்தீவில் புடைவைக் கடை வைத்திருந்தவர், மாமாவின் உயிர்ச் சிநேகிதர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் அங்குள்ள முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தபோது, நாநாவின் குடும்பத்தை இதே காரில் ஏற்றிக்கொண்டு போய் வவுனியாவில் இறக்கிவிட்டவர் மாமா. இறங்கும்போது நாநா காரின் கூரையில் கையை வைத்து, "திரும்பி வந்தா உன்ரை இந்தக் காரிலைதான் ஊருக்குள்ளை காலை வைப்பன்" என்றாராம். மாமாவும் "வந்து ஏத்துறன்" என்றாராம். இப்போது நாநா வருகிறார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் புளியங்குளத்தில் பஸ்ஸால் இறங்குவார்.

மாமா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு காரைக் கழுவத் தொடங்கினார். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மாமா, உந்தச் சத்தத்தோடையே நாநாவை ஏத்தப் போறீங்கள்? டிஃபரன்சலைக் கழட்டி பெயாரிங் மாத்திவிடுறன். ரெண்டு நாள் வேலை."

"பன்னிரண்டு வருசமா முனகினது தம்பி. இன்னும் ஒருக்கா முனகினால் என்ன?"

"இல்லை மாமா, நான் இருக்கேக்கை ஏன்?"

மாமா என்னையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார். புது மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் கடையில் லீவு எடுத்து, பெயாரிங்குகளும் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன்.

மாமரத்துக்குக் கீழே காரை நிறுத்தி, பின்பக்கத்தை மரக்குற்றியில் ஏற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேர் கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். மாமி பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தா. இவ்வளவு பேர் பார்த்திருக்க ஒருவன் வெட்கப்படாமல் வேலை செய்யவேண்டும் என்றால், அவனுக்கு ஒன்றில் வேலை தெரிந்திருக்க வேண்டும் அல்லது வேலை தெரியாது என்பது தெரியாமல் இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை.

முதல் ஒரு மணித்தியாலத்திலேயே எனக்குப் புகழ் வந்துவிட்டது. இடப்பக்கச் சில்லின் பெரிய நட்டை மாமா எவ்வளவு தெண்டித்தும் அசைக்க முடியவில்லை. நான் முன்னுக்குப் போய், "மாமா, இடப்பக்கத்துக்கு மறுவளம் சுத்தவேணும். புரி மாறி வெட்டியிருக்கு" என்றேன். மறுவளம் சுற்ற, நட் சுகமாகக் கழன்றது. கதிரையில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் "படிச்ச மெக்கானிக்" என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. கார்களைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே உண்மை அதுதான். அந்த நட்டை விற்கும்போது "இடம், வலம் பார்த்துக் கொடு" என்று முதலாளி என் தலையில் குட்டிச் சொல்லித்தந்தது.

டிஃபரன்சல் வெளியே வந்தது. அதன் நடுப்பல்லுச் சக்கரத்தை இரண்டு பக்கமும் இரண்டு மூடிகள் பிடித்துக்கொண்டிருந்தன. மூடிக்கு இரண்டாக நாலு போல்ட். வலப்பக்கத்து இரண்டையும் சாதாரணமாகச் சுற்றினேன், கழன்றன. இடப்பக்கத்துக்கு வந்தேன். இடப்பக்கம்! நான் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, மறுவளம் சுற்றத் தொடங்கினேன். அசையவில்லை. ஸ்பானரில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி, காலை உதைத்துக்கொண்டு, என் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன்.

"டக்."

குழாயோடு நான் போய் மாமியின் பிளேன்ரீத் தட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன். ஸ்பானருக்குள் போல்டின் தலையும் அதோடு கொஞ்சப் புரியும் மட்டும் இருந்தன. உடல் துளைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"முறிஞ்சு போச்சோ?" என்றார் மாமா.

"உப்பிடித்தான் மாமா வரும்" என்றேன், ஏதோ நான் எதிர்பார்த்திருந்த கட்டம் போல.

செவ்வாய் பின்னேரமும் புதன் முழுவதும் அந்த முறிந்த துண்டோடு போராடினேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். பக்கத்து வீட்டார் சொன்னதற்காகத் தேசிக்காய்ப் புளி விட்டேன். இன்னொருவர் சொன்னதற்காகச் சோடா விட்டேன். (துருவுக்கு என்ன ஆனதோ தெரியாது, எறும்பு நிறைய வந்தது.) மாமியின் அடுப்பில் இருந்து தணல் அள்ளிவந்து சூடு காட்டினேன். கடைசியில் சின்ன உளியால் துண்டின் தலையில் ஒரு வெட்டுப் போட்டு, அதற்குள் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துத் திருப்பினேன். கொஞ்சம் அசைந்தது! சந்தோசத்தில் இன்னும் திருப்பினேன். நான் திருப்பத் திருப்ப அது உள்ளே உள்ளே போனது. இரும்புகூட என்னைக் கண்டு பயப்படுகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமரத்துக்குக் கீழே கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஆட்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. மாமா மட்டும் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் வந்து, காருக்குக் கிட்டவும் வராமல், தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு முறை மாமி அவரிடம், "வேறை ஆற்றையேன் காரைக் கேட்டுப் பாக்கலாமே" என்று மெல்லச் சொன்னது கேட்டது. மாமா, "ஜமால்தீன் சொன்னது இந்தக் காரிலை எண்டுதானே" என்றார்.

பன்னிரண்டு வருடம் சண்டை, தடை, இடப்பெயர்வு எல்லாவற்றுக்குள்ளாலும் ஒரு வாக்கைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தது அந்தக் கார். அதை நான் இரண்டே நாளில் படுக்கவைத்துவிட்டேன்.

மூன்று மணிபோல் சுகந்தி வேலையால் வந்தாள். சைக்கிளைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நிமிரவில்லை.

"இஞ்சாருங்கோ, அதைத் தூக்கிக் கொண்டந்து குசினி வாசலிலை வையுங்கோ. அங்கை வெளிச்சம் நல்லம்."

"நீர் என்ன செய்யப் போறீர்?"

"வேர் முறிஞ்சு நிக்குது. ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்தானே."

டிஃபரன்சலை நான் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து ஒரு சாக்கில் வைத்தேன். அவள் பல் டொக்டரின் பழைய கொக்கி ஊசி ஒன்றை எடுத்துவந்தாள். டொக்டர் கழித்துவிட்டது. வீட்டில் நாயாற்றுக் கடல் நண்டு சமைத்தால் காலுக்குள் இருந்து சதையைத் தோண்டுவதற்கென்று வைத்திருந்தது. முழங்காலில் இருந்து, பஞ்சைச் சுற்றித் துளைக்குள் விட்டு, இரும்புத் தூள், துரு, தேசிக்காய் விதை ஒன்று, செத்த எறும்புகள் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தாள்.

"எத்தினை நாளா நோகுது?" என்று டிஃபரன்சலிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு காட்டுங்கோ."

ஸ்குரூ டிரைவரை வெட்டுக்குள் வைத்துத் திருப்பிக் காட்டினேன்.

"ஏன் அந்தப் பக்கம் சுத்துறீங்கள்?"

"இது இடப்பக்கத்துப் போல்ட். மறுவளம் சுத்தவேணும்."

அவள் டிஃபரன்சலைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கத்துக்கு இடப்பக்கம்? இது இப்ப குசினி வாசலிலையெல்லோ கிடக்குது."

கழற்றி வைத்திருந்த வலப்பக்கத்துப் போல்ட் ஒன்றை எடுத்து, அது கழன்ற துளையிலேயே வைத்துச் சுற்றினாள், சாதாரணமாக. போனது. அதையே நான் முறித்த போல்டின் தலையில் இருந்த கொஞ்சப் புரியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். இரண்டும் அச்சொட்டாக ஒன்று. புரி மாறியது சில்லில் மட்டும்தான். நான் செவ்வாய்க்கிழமை போல்டைக் கழற்றவில்லை. இறுக்கியிருக்கிறேன். முறியும்வரை இறுக்கியிருக்கிறேன். முறிந்த பிறகும் விடாமல், இரண்டு நாளாக, மண்ணெண்ணெயும் தேசிக்காயும் விட்டு இறுக்கியிருக்கிறேன்.

சுகந்தி கொக்கி ஊசியை வெட்டின் ஓரத்தில் கொழுவி, சரியான பக்கமாக மெல்லத் தட்டினாள். தலை போனதோடு பிடியும் விட்டுப்போன துண்டு அது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு விரல் நுனியாலேயே சுற்றி எடுத்துவிட்டாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. என் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

நான் குசினிப் படியில் இருந்துவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"நான் மெக்கானிக் இல்லை. கடையிலை சாமான் எடுத்துக் குடுக்கிறனான்."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே. உங்கடை நகத்தைப் பாத்தனான். கார் வேலை செய்யிற ஆளின்ரை நகம் அப்பிடி இராது."

"பிறகு ஏன் ஓம் எண்டனீர்?"

"நகம் துப்பரவா இருந்தது" என்றாள், கையைக் கழுவிக்கொண்டே.

மாமாவின் குரல் முற்றத்தில் இருந்து வந்தது. "என்ன பிள்ளை, கழண்டுதோ?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஓம் அப்பா. இவர் கழட்டிப்போட்டார்."

தரகர் சொன்ன பொய்க்குத் தலையாட்டியவன் நான். இந்தப் பொய்க்கு என்னால் தலையை ஆட்டக்கூட முடியவில்லை. கண்ணீர் வந்தது. மண்ணெண்ணெய்க் கையால் துடைத்ததில் இன்னும் கூடுதலாக வந்தது. அந்த நன்றி இன்றுவரை தீரவில்லை, தீர்க்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

மாமா தடைக்காலத்தில் சேர்த்து வைத்திருந்த பால்மாப் பேணிக்குள் அளவான போல்ட் ஒன்று இருந்தது. அவரும் நானுமாக மிச்சப் போல்டையும் கழற்றி, பெயாரிங்குகளை மாற்றி, பொழுதுபடுவதற்குள் எல்லாவற்றையும் பூட்டினோம். ஒவ்வொரு போல்டுக்கும் நான் மனதுக்குள் "குசினி வாசல், குசினி வாசல்" என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளி காலை புறப்பட்டோம். கார் தெருவில் ஏறியதும் பின்னால் இருந்து வந்தது: "ம்ம்ம்ம்." புதுப் பெயாரிங் போட்டும் துளிகூடக் குறையாத அதே முனகல். நான் பின் சீற்றில் தலையைக் குனிந்துகொண்டேன். சுகந்தி என் காதில், "பல்லுத் தேஞ்சால் தேஞ்சதுதான்" என்றாள்.

புளியங்குளத்தில் ஜமால்தீன் நாநா ஒரு பயணப்பையோடு நின்றார். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நாநா முன் சீற்றில் ஏறினார். கார் நகர்ந்தது, முனகியது. அவர் சட்டென்று மாமாவின் கையைப் பிடித்தார்.

"பொறு, பொறு. இந்தச் சத்தம்! அண்டைக்கும் இதே சத்தம்தான். வவுனியா வரைக்கும் இதைக் கேட்டுக்கொண்டுதான் அழுதுகொண்டு போனன். புத்தளத்திலை எத்தினை நாள் கனவிலை கேட்டனான் தெரியுமோ?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்டையும் மாத்தாமல் அப்பிடியே வைச்சிருக்கிறாய், சிநேகிதா."

மாமா கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். "என்ரை மருமகன்தான் பாத்தவர். முழுக்கக் கழட்டிப் பூட்டியும் சத்தத்திலை கை வைக்கேல்லை" என்றார். பெருமையாகச் சொன்னாரா, எல்லாம் தெரிந்துதான் சொன்னாரா என்று நான் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை.

கார் இன்று இல்லை. கடைசிச் சண்டையில், கையில் அகப்பட்டதோடு நடந்தபோது, தெருவோரத்தில் விட்டுவிட்டு வந்தோம். மாமாவும் இல்லை. இன்றைக்கும் வீட்டில் நான் ஜாம் போத்தல் மூடியில் கைவைத்தால், குசினியில் இருந்து "எந்தப் பக்கத்துக்கு இடப்பக்கம்?" என்று குரல் வரும். இப்போது பிள்ளைகளும் சேர்ந்து கேட்கிறார்கள்.

போன மாதம் சின்ன மகள் அலுமாரியைக் கிண்டி, தங்களுடைய பால்பற்கள் போட்டு வைத்திருக்கும் சின்னப் போத்தலைக் கண்டுபிடித்தாள். பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் சுற்றி, சுகந்தி அத்தனை தூரமும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த போத்தல் அது. மகள் அதைக் கவிழ்த்து, பற்களுக்கு நடுவே கிடந்த கறுத்த இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"அம்மா, இது ஆற்றை பல்லு?"

"அது அப்பான்ரை" என்றாள் சுகந்தி. "நான்தான் பிடுங்கினனான். நோகாமல்."