முதலில் கேட்டவர்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘அப்பவே கேட்டவர்’ என்றொரு இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம், தானாக வந்து உங்கள் மேசையில் உட்காரும். ஒரு பாடகனோ பந்தாட்டக்காரனோ கொஞ்சம் பெயர் வாங்கிவிட்டால் போதும். அவன் அரைக்கால்சட்டையோடு திரிந்த காலத்திலேயே அவனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர், அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னவர், பக்கத்தில் இருந்தவர் சிரித்தபோது ‘பொறுத்துப் பாருங்க லா’ என்று அடித்துப் பேசியவர் இவர்தான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் யார்? பெரும்பாலும் காலமாகியிருப்பார். அது ஒரு வசதி.

இந்த இனத்தின் அடுத்த வாக்கியமும் எப்போதும் ஒன்றுதான்: ‘முதல் கேசட்டுல இருந்த உயிர் இதுல இல்ல.’ முதல் கேசட்டில் எந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். உடனே கடைக்காரரைக் கூப்பிட்டு உங்களுக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் டீ சொல்லிவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸ் வீரசிங்கம் அப்படிப்பட்டவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வார இதழ்களுக்கு வாசகர் கட்டுரை எழுதுகிறவர். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ‘அப்பவே கேட்ட’ ஆள், சாலாக் செலாத்தான் லோரிக்காரர் மகன் வேலாயுதம். ஊரே கொண்டாடிய ராப் பாடகன். எந்தப் பையனின் மோட்டார் சைக்கிளிலும் அவன் படம் ஒட்டியிருக்கும். அவனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வீரசிங்கம் தொண்டையைச் செருமிக்கொள்வார். ‘ஒரு கல்யாணத்துல பாடினான். அப்ப அவன் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. முதல்ல கேட்டது நான்தான்.’

கல்யாணத்தில் அவன் பாடியது உண்மை. இவர் அங்கே இருந்ததும் உண்மை. மிச்சத்தை அவர் மனைவி கனகேஸ்வரி ஒருநாள் வீட்டில் நினைவுபடுத்தினார். “நீங்கள் அண்டைக்கு மைக்கைப் புடுங்கச் சொல்லிச் சத்தம் போட்டுட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியில போனீங்கள்.” வீரசிங்கம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மனைவிமார் இந்த இனத்துக்கு இயற்கை வைத்த பகை.

இப்படி இருக்கையில், ஷா ஆலம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததாலும் கல்யாணம் நிச்சயமானதாலும் வேலாயுதம் பாட்டுக்கு முழுக்குப் போட முடிவு செய்தான். கடைசி ஆல்பத்துக்கு ‘போய்ட்டு வரேன்’ என்று பெயர் வைத்தான். வந்த அன்றே கேசட் தீர்ந்துபோனது. பையன்கள் அழுதார்கள், சில அம்மாக்களும் அழுதார்கள், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மீன் விற்பவர்கூட அதைத்தான் போட்டார். வீரசிங்கத்துக்கு அசல் கிடைக்கவில்லை. வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கௌஸ் பாய் கடையில் ஒரு நகல் வாங்கினார்.

கௌஸ் பாய்க்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. (அசலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வது அதில் சேராது.) வெற்று நாடாவின் கடைசியில் பாட்டு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளர் வந்து திட்டுவார். அதனால் முழுசாக அடங்காத பாட்டை விட்டுவிட்டு, மிஞ்சும் இடத்தை ஏதாவது சின்னதாகப் போட்டு நிரப்பிவிடுவார். அன்று ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அடங்கவில்லை. பக்கத்து மெஷினில் யாரோ கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்த நாதஸ்வரக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மங்களம் கச்சிதமாகப் பொருந்தியது.

வீரசிங்கம் கேட்டார். முதல் பக்கம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். திடீரென்று மங்களம். நிமிர்ந்து உட்கார்ந்தார், கண் கலங்கிவிட்டது. அடடா, இத்தனை வருஷம் கத்திய பையன் கடைசியில் வீடு திரும்பிவிட்டானே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அன்றே எழுதி அனுப்பினார்: ‘ஆரவாரத்தில் தொடங்கிய கலைஞன் மங்களத்தில் அடங்கினான். இதை நான் அன்றே எதிர்பார்த்தேன்.’

கட்டுரை வெளிவந்ததும் வேடிக்கை ஆரம்பமானது. அசல் கேசட் வைத்திருந்த சுபாங் ஜெயா ரசிகர்கள் மங்களத்தைத் தேடித் தேடிப் பார்த்து, தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரர்களிடம் சண்டைக்குப் போனார்கள். சிலர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ‘ஆமா, அந்த மங்களம் ஏ கிளாஸ்’ என்று தலையாட்டினார்கள். கிள்ளானில் பிரியாவிடை விழா ஏற்பாடு செய்தவர்கள், முதல் ரசிகர் என்ற முறையில் வீரசிங்கம்தான் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். கனகேஸ்வரி அவருக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தார்.

மேடைக்குப் பின்னால் வேலாயுதமே அவரைத் தேடி வந்தான். கொஞ்சம் பயந்த முகம்.

“அங்கிள், கடைசிப் பாட்டு கேட்டீங்களா?”

“கேட்காமலா? கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி.”

“உங்களுக்குக் கோவம் இல்லையே?”

“கோவமா? என்னை மாதிரி ஆளை நெனச்சுத்தானே அதைப் போட்டே. எனக்குத் தெரியாதா?”

வேலாயுதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு பெரிய மனசா என்று அவன் வியந்தது வீரசிங்கத்துக்குத் தெரியவில்லை. பொன்னாடை போர்த்தினார், ‘முதல்ல கேட்டது நான்தான்’ என்று மைக்கில் சொன்னார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று எண்ணி மேடையிலேயே முன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நாதஸ்வரக்காரர் எங்கே என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, கடைசிப் பாட்டு தொடங்கியது.

‘மைக்கைப் புடுங்கச் சொன்னது யாரு?
முதல்ல கேட்டேன்னு சொல்லுறது யாரு?’

‘அங்கிள்’ என்று மண்டபம் ஒரே குரலில் பதில் கொடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் கொடுத்தது. கல்யாண மண்டபம் வந்தது, காதைப் பொத்தியது வந்தது, வெளியே போகிற வழியில் வேட்டி தடுக்கியதுகூட வந்தது. இரண்டாவது சரணத்தில்தான் வீரசிங்கத்துக்கு உறைத்தது. முகம் தீயாய் எரிந்தது. எழுந்து போய்விடலாம். ஆனால் எழுந்தால், பாட்டில் வருகிற அங்கிள் இவர்தான் என்று தெரியாத கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடுமே. வேறு வழியில்லாமல் தாளம் போட்டார். முன் வரிசையில் கனகேஸ்வரி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் வேலாயுதம் மூச்சு வாங்க வந்து அவர் பக்கத்தில் குனிந்தான். அவன் கண் நனைந்திருந்தது.

“அங்கிள், நீங்க சொல்றது நெசந்தான். அன்னைக்கு எல்லாரும் சாப்பாட்டுல இருந்தாங்க, ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கல. நீங்க மட்டும்தான் ஏந்திரிச்சு ஏசினீங்க. வீட்டுக்குப் போயி நெனச்சேன், ஒருத்தருக்காவது காதுல விழுந்திருக்குன்னு. அதுக்கப்புறம்தான் விடாம பாடினேன்.”

வீரசிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பொய் உண்மையாகிவிட்டது. அதை இனி எந்த முகத்தோடு சொல்வது? மறுநாள் தே தாரிக் கடையில் வேலாயுதம் பேச்சு எழுந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, முதல் கேசட் எங்கே கிடைக்கும் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

வாசகரே, அன்று அந்தக் கல்யாணத்தில் நாமெல்லாம் எங்கே இருந்தோம்? வடையில் இருந்தோம். ஏசுவதற்குக்கூட நமக்குக் காது இல்லை. சரி, அது போகட்டும். கடைசிப் பாட்டு வீரசிங்கத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று உங்களுக்கு முன்னாடியே தெரிந்துவிட்டதா? பக்கத்தில் இருப்பவரிடம் ‘நான் அப்பவே நெனச்சேன்’ என்று சொல்ல வாய் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். பொன்னாடை வந்துகொண்டிருக்கிறது.