இடியாத பாலத்தை இடிக்க அனுமதி கோரும் மனு

2011-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், இராஜாக்கமங்கலம் பக்கத்து ஆலங்கால்விளையில் சானல் என்னும் பாசனக் கால்வாயின் பாலம் இடிந்து விழுந்தது. அதில் பாலத்தின் குற்றம் ஒன்றுமில்லை. விழப்போகிறேன் என்று அது பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ரசலையனுக்கு வீடும் வாழைத்தோட்டமும் சானலுக்கு அக்கரையில். மகள் ஜெஸ்மி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழாம் மாசம். ஆட்டோ வீட்டு முற்றத்துக்கு வரவேண்டுமானால் பாலம் வேண்டும். எனவே ரசலையன் மனு எழுதிக்கொண்டு அரசுச் சேவை மையத்துக்குப் போனார்.

காகித மனு காலாவதியாகிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். மாட்சிமை பொருந்திய 'மெய்நிகர் கிராமத் திட்டம்' அமலுக்கு வந்திருந்தது. ஊரை அப்படியே கணினிக்குள் கட்டிவைத்திருக்கிறார்களாம். மனுதாரர் இங்கிருந்து ஒரு பொம்மையாக உள்ளே போகலாம், அதிகாரி தம் அலுவலகத்திலிருந்தே இன்னொரு பொம்மையாக வந்து பார்வையிடுவார். ஜீப் வேண்டாம், வெயில் வேண்டாம், செருப்பில் சேறு வேண்டாம்.

சேவை மையத்தில் கணினியை இயக்கும் லிஜா அவருக்குப் பொம்மை தேடினாள். வேட்டி கட்டிய பொம்மை இன்னும் ஒப்புதலாகவில்லை. கோட்டும் டையும் போட்ட ஒன்றுதான் கிடைத்தது. ரசலையன் அதைத் திரையில் பார்த்து, தம் கல்யாணத்துக்குக்கூட இப்படி உடுத்ததில்லையே என்று கொஞ்சம் கூச்சப்பட்டார்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் உட்கார்ந்திருந்த பொறியாளர் சத்தியநேசனும் உள்ளே வந்தார். நெட் மெதுவாக இருந்ததால் அவருடைய தலை முதலில் வந்தது, உடம்பு பின்னால் வந்தது. பாலத்தின்மேல் ஏறி அந்தக் கரைவரை நடந்தார்.

"பாலம் உறுதியாகத்தானே இருக்கிறது?"

"சாரே, இது பொம்மப் பாலம். நெசப் பாலம் சானலுக்குள்ள கெடக்கு."

"மனுதாரரே, நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்."

போட்டோ கொண்டுவரட்டுமா என்று ரசலையன் கேட்டார். கிராமத்துக்குள் இல்லாத சான்று எதையும் ஏற்க விதியில்லை என்று பதில் வந்தது. பாலம் இடிந்ததற்கு முந்தின வருஷம் எடுத்த படங்களை வைத்துக் கட்டிய கிராமம் அது. அங்கே மழையே பெய்வதில்லை.

அப்படியானால் ஒரே வழிதான் உண்டு என்றார் சத்தியநேசன். நல்ல மனிதர், உதவ நினைத்தார். உள்ளே இருக்கும் பாலத்தை இடித்தால், இடிந்த பாலம் என்று அறிக்கை எழுதலாம். ஆனால் அது அரசுச் சொத்து. இடிப்பதற்கு மனுதாரர் முறைப்படி அனுமதி கோரவேண்டும்.

ரசலையன் கோரினார். உறுதியான பாலத்தை ஏன் இடிக்க விரும்புகிறீர் என்று விளக்கம் கேட்டு இரண்டு முறை கடிதம் வந்தது. அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. ஜெஸ்மிக்கு வலி கண்டபோது அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் சுமந்து போனார்கள். நாற்காலியின் முன்கால் ஒன்றை ரசலையன் பிடித்திருந்தார். நடுச்சானலில் அவர் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "அப்பா, விட்டுராதீங்க" என்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பெண்குழந்தை, இருவரும் சுகம். ஆனால் அந்தச் சொல் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

தை மாசம் அனுமதி வந்தது. பாலத்தை லிஜா இரண்டே தட்டலில் இடித்தாள். நாலாம் நாள் கணினிக்குள்ளேயே புதுப்பாலம் எழும்பியது. பழையதைப்போல இரண்டு மடங்கு அகலம், இருபுறமும் கைப்பிடி, எட்டு விளக்கு. மனு தீர்க்கப்பட்டதாகக் கோப்பை மூடிவிட்டார்கள்.

சமூகக்கூடத்தில் திரை கட்டித் திறப்புவிழா நடந்தது. எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ரசலையன் உறுதியோடு போனார். ஆனால் முதல் மனுதாரர் என்ற முறையில் பாலத்தில் முதலில் நடக்க அவரைத்தான் அழைத்தார்கள். கோட்டுப் போட்ட ரசலையன் விளக்கு வெளிச்சத்தில் நிமிர்ந்து நடந்தார். ஊரே கைதட்டியது. கேட்க வந்தது அவருக்கு மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து மனைவி ஜெயபாயிடம், "ஏட்டி, நான் நடந்தத நீ பாத்தியா?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் முதல் சேவை மையத்தில் வரிசை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் பாலத்தில் உலாவினார்கள். ஒரு வாரத்தில் பாலத்துக்கு யார் பெயர் வைப்பது என்று சண்டை மூண்டது. கீழத்தெருவார் ஒரு பெயர் சொன்னார்கள், மேலத்தெருவார் இன்னொன்று. இரண்டு தெருவும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. ரசலையன் தம் பெயரையே வைக்கக் கோரி, இருநூற்றுப் பதினான்கு கையெழுத்தோடு மனு கொண்டுவந்தார். வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது.

லிஜா மனுவைப் பதிந்தாள். பிறகு அந்த ஈரத்தைப் பார்த்துத் தயங்கிக் கேட்டாள். "மாமா, இவ்வளவு பேரு ஒப்பு போட்டிருக்காங்க. கூடவே அந்த நெசப் பாலத்துக்கும் ஒரு வரி சேக்கட்டா?"

ரசலையன் அவசரமாகத் தடுத்தார்.

"வேண்டாம் மக்கா. அதையும் இதையும் கலந்தா காரியம் கெட்டுப்போவும்."