ஒரே ஒரு லாரிஸா

"ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார், டீச்சர். பத்துப் பேர் இல்லேன்னா இன்னிக்கே கிளாஸை மூடிடுவார்" என்று சொல்லி அலுவலகப் பெண் போனை வைத்துவிட்டாள்.

எஸ்கிஷெஹிர் நகரில், வெளிநாட்டவருக்கான அந்தத் துருக்கி மொழி வகுப்பில் பதிவேட்டின்படி பத்துப் பேர். வருவது லாரிஸா ஒருத்திதான். கண்ணால் கண்டதற்கு ஓர் இறந்தகாலம், பிறர் சொல்லிக் கேட்டதற்கு இன்னொன்று என்று டீச்சர் நெஸ்ரின் ஆரம்பித்த அன்றே மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

பழைய டீச்சரிடமிருந்து நெஸ்ரின் இந்த வகுப்பை ஏற்றபோது வாயே திறக்காத லாரிஸா, மூன்றே மாதத்தில் காலமும் பன்மையும் பிசகாமல் பேசினாள். பதினோரு வருடத் தற்காலிக வேலையில் நெஸ்ரினுக்குக் கிடைத்த ஒரே பெருமை அவள்தான்.

நெஸ்ரின் மாடிக்கு ஓடினாள். தையல் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர். டீக்காரர் ஜெவ்தெத்தோடு ஒன்பது.

"கீழ என் கிளாஸ்ல வந்து உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரங்க மாதிரி தப்புத்தப்பா பேசுங்க. எண்ணுக்கு அப்புறம் பன்மை போட்டு 'அஞ்சு ஆப்பிள்கள்'னு சொல்லுங்க, நம்மாளு யாரும் அப்படிச் சொல்லமாட்டான்."

"நான் ஜார்ஜியாக்காரி!"

"ஜார்ஜியாவை நான்தாண்டி முதல்ல கேட்டேன்!"

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினீங்க?"

"நாளைக்கு நான் மீன்கள் சாப்பிட்டாள்" என்றாள் முதல் ஜார்ஜியா. இரண்டாம் ஜார்ஜியா முக்காட்டுக்குள் சிரித்தாள்.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "தலை வலிக்குது. ஒரு டீ கிடைக்குமா?"

ஜெவ்தெத் துள்ளி எழுந்தார். "இதோ ஐயா! ஸ்ட்ராங்கா, லைட்டா? சர்க்கரை ரெண்டு கட்டி போதுமா?"

"கெடுத்தான் பாவி!" என்றாள் முதல் ஜார்ஜியா, சுத்தமான துருக்கியில்.

நெஸ்ரினுக்கு மானம் போனது. "இவங்கெல்லாம் பொய்தான் ஐயா. ஆனா லாரிஸா நிஜம், என்கிட்ட படிக்க ஆரம்பிச்சு மூணு மாசம்தான் ஆச்சு. இவளைக் கேட்டுப் பாருங்க."

லாரிஸா தலை நிமிரவில்லை. "மலைப்பக்கம் மழையாம் ஐயா. நாங்க வீட்டை விட்டு நகரவே இல்ல."

இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். "மூணே மாசத்துலயா! இந்த ஒருத்திக்காகவே கிளாஸ் நடக்கட்டும்னு எழுதறேன். எங்கேம்மா, உன் வெளிநாட்டவர் கார்டைக் காட்டு."

நெஸ்ரினுக்குக் கண் கலங்கியது. தன் வேலைக்கு ஒரு பலன் இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

லாரிஸா பையைத் திறக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், நீங்க ஆசையா சொல்லிக்கொடுத்தீங்க, எனக்குச் சொல்ல மனசு வரல" என்றாள். "நான் துருக்கிக்காரிதான், ஊரு அமாஸ்யா, பேரு ஷெரிஃபே, ஆள் குறையுதுன்னு பழைய டீச்சர்தான் என்னைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வெச்சாங்க."