கண் திறந்து தாண்டிய போடர்

ஐரோப்பாக் கண்டத்தில் நாட்டு எல்லைகளை மனமார நேசிக்கும் மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் தோர்ண்டன் ஹீத் என்ற ஆங்கிலேயப் புறநகரில் ஒரு கோழிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். நமக்கெல்லாம் எல்லை என்றால் நீண்ட வரிசையும் பின்சீட்டில் சிணுங்கும் பிள்ளைகளும்தான். அவருக்கு அது திருவிழா. கோட்டும் டையும் பளபளக்கும் சப்பாத்துமாகத்தான் எல்லைக்குப் போவார். எங்கள் வாயில் போடர் என்றால் எல்லை; ஊர் அவருக்கு வைத்த பெயர் போடர் அண்ணை.

யாராவது வான் பிடித்து பாரிசுக்கோ ஜெர்மனிக்கோ கலியாணத்துக்குப் போகிறார்கள் என்றால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அழைப்பிதழ் வந்ததா என்று பார்க்க மாட்டார். பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணீருடன் வந்து ஏறிவிடுவார். கலியாணச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வழியில் எத்தனை நாடு வரும் என்று மட்டும் கேட்பார்.

பெல்ஜிய எல்லையில் ஒரு நீலப் பலகையையும் பூட்டிக் கிடக்கும் கொட்டகையையும் தவிர வேறொன்றும் இல்லை. அங்கேயும் வானை நிறுத்தச் சொல்லுவார். ஒருமுறை விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஒரு பசு முன்னங்காலைப் பெல்ஜியத்திலும் பின்னங்காலைப் பிரான்சிலும் வைத்துக்கொண்டு அசைபோட்டது. போடர் அண்ணை அதன் பக்கத்தில் போய் நின்றார். முன்னே நடந்தார், பின்னே வந்தார், மறுபடி முன்னே நடந்தார். பனிக்குள் அவரும் பசுவும் மிதப்பதுபோல இருந்தது. நாங்கள் ஹோர்ன் அடித்தது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

ரயிலில் இன்னும் மோசம். பாரிசிலிருந்து பிரசல்ஸ் போகும்போது டிக்கெட் பரிசோதகரைப் பிடித்து எல்லை எந்த இடத்தில் வரும் என்று விசாரித்தார். இடம் வந்ததும் நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்றார். ஸ்டேஷன் வந்துவிட்டதென்று நினைத்து எதிரே இருந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகளும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெறும் கோதுமை வயல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கப்பல் தட்டில் நின்றபோது கேட்டேன். கடலைப் பார்த்தபடியே சொன்னார். அந்தக் காலத்தில் ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவர் கையில் ஒரு மலேசியத் தமிழனின் பாஸ்போட்டைக் கொடுத்திருந்தானாம். எல்லை வந்தால் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிட, தட்டி எழுப்பினால் இதிலுள்ள பெயரைச் சொல்லு என்பது அவன் கட்டளை. மன்னாரில் ஞானஸ்நானம் எடுத்த மனிதர் அந்தப் பாஸ்போட்டிலிருந்த முனியாண்டியாகி, கண்ணை இறுக மூடிக்கொண்டே நாடு நாடாகத் தாண்டி வந்திருக்கிறார்.

"நான் வந்த வழியை நானே காணேல்லைத் தம்பி. ஆராவது ஒருத்தன் போடரிலை மறிச்சுப் பேர் கேக்கோணும். என்ரை பேரைச் சொல்லிப்போட்டு நான் தாண்டோணும். அவ்வளவுதான்."

ஆனால் கேட்க ஆள் வேண்டுமே. பாதி எல்லைகளைத் திறந்துவிட்டார்கள். டோவர் துறைமுகத்தில் பாஸ்போட்டை மெஷினில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தருகிறார்கள். அப்போதும் அவர் பின்னால் நிற்பவர் செருமும்வரை கண்ணாடிக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்பார்.

போன கோடையில் சுவிசில், பாசல் நகரில் என் அண்ணன் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை முதல் நாளே பறந்துவிட்டான். கூறைச்சேலையும் தாலியும் பலகாரத் தகரங்களும் என் வானில். போடர் அண்ணையை ஏற்ற வேண்டாம், முகூர்த்தம் தவறிப்போகும் என்று மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டாள். நான் ஏற்றினேன். சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே பிரான்ஸ் முடியாமல் நீண்டுகொண்டே போக, அவர் ஒரு நிமிடம்கூடக் கண் அயரவில்லை.

சுவிஸ் எல்லையில் சீருடை போட்ட ஒரு இளம்பெண் கைகாட்டி மறித்தாள். பாஸ்போட்டுகளை வாங்கிப் புரட்டினாள். பின்சீட்டில் டை கட்டியிருந்தவரைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி. போடர் அண்ணை நிமிர்ந்தார், வாயைத் திறந்தார். "முனியாண்டி," என்றார்.

வான் ஓரமாக ஒதுக்கப்பட்டது. இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். நன்றாகத் தெரியும், குடும்பத்தில் ஒருவர் மாதிரி என்றேன். அப்படியானால் இவர் பெயர் என்ன? நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூறைச்சேலையைப் பார்த்தாள். கடைசியில், போடர் அண்ணை என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

தொலைபேசி அலறியது. "சித்தப்பா, எங்கை நிக்கிறியள்? ஐயர் கூறையைக் கேக்கிறார்."

போடர் அண்ணையின் முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு முகூர்த்தம் மறந்துபோய்விட்டது. அவர் மெல்ல இறங்கி, கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"இன்னொருக்காக் கேக்கச் சொல்லு தம்பி."

சொன்னேன். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, முதல்தடவை கேட்பதுபோலவே கேட்டாள்.

அவர் சொன்னார். தகப்பன் பெயர், தன் பெயர், பிறந்த ஊர், ஒவ்வொன்றாக, பூசையில் வாசகம் படிப்பதுபோல. அவள் பாஸ்போட்டைப் பார்த்துத் தலையசைத்து, போகலாம் என்றாள். அவர் வானில் ஏறவில்லை. வெயிலில் தனியாக, கண்ணை அகலத் திறந்துகொண்டு நடந்தே தாண்டினார். நாங்கள் பின்னால் ஊர்ந்து போனோம். எனக்கு ரோடு தெரியாமல் கண் கலங்கியது. மனைவி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

கூறை போய்ச் சேர்ந்தபோது ஐயர் சொன்ன மந்திரங்களையே இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனான என் அண்ணர் இன்னும் என்னோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். தோர்ண்டன் ஹீத்துக்கு அவர் இன்றும் போடர் அண்ணைதான். நான் மட்டும் அவருக்குப் போன் எடுக்கும்போது அந்த முழுப்பெயரையும் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்பேன். மறுமுனையில் அவர் செருமுவது கேட்கும். பிறகு, "ஓம், நான்தான் கதைக்கிறன்," என்பார். அதைக் கேட்பதற்காகவே சில நாட்களில் ஒரு காரணமும் இல்லாமல் எடுக்கிறேன்.